ஈரப் பாதையில் இரண்டு சக்கரம்

இத்தாலி நாட்டின் கிழக்குக் கடற்கரையில் மிசானோ என்ற ஊர் இருக்கிறது. அங்கே ஒரு மோட்டார் சைக்கிள் பந்தயப் பாதை உண்டு. 2017 செப்டம்பர் 10ஆம் நாள் அந்தப் பாதையில் உலகப் பந்தயம் நடந்தது. அன்று நல்ல மழை. பாதை முழுவதும் தண்ணீர்.

ஓட்டியவர்கள் எல்லோரும் உலகிலேயே மிக நன்றாக வண்டி ஓட்டத் தெரிந்தவர்கள். அவர்களிலும் பலர் அன்று வழுக்கி விழுந்தார்கள். முதலாவதாகப் போய்க்கொண்டிருந்த ஹோர்ஹே லொரென்சோவும் விழுந்தார். அவர் முன்பே உலகப் பட்டம் வென்றவர். அவருக்குப் பிறகு தானிலோ பெத்ருச்சி முன்னால் போனார். கடைசிச் சுற்றில் மார்க் மார்க்கெஸ் அவரை முந்தினார். வெற்றி மார்க்கெசுக்குக் கிடைத்தது.

மார்க்கெஸ் ஸ்பெயின் நாட்டுக்காரர். அந்த ஓர் ஆண்டில் மட்டும் பயிற்சியிலும் பந்தயத்திலுமாக அவர் 27 முறை விழுந்தார். அதே ஆண்டில் உலகப் பட்டமும் அவருக்கே கிடைத்தது.

27 முறை விழுந்தவர் பட்டம் வென்றது எப்படி? அதைப் புரிந்துகொள்ள, ஈரத்தில் சக்கரம் ஏன் வழுக்குகிறது என்பதை முதலில் பார்க்க வேண்டும்.

உள்ளங்கை அளவு ரப்பர்

மோட்டார் சைக்கிள் டயர் பார்க்கப் பெரியது. ஆனால் எந்த நேரத்திலும் அதில் ஒரு சிறிய பகுதிதான் தரையைத் தொடுகிறது. முன் டயரில் ஓர் உள்ளங்கை அளவு. பின் டயரில் ஓர் உள்ளங்கை அளவு. அவ்வளவுதான்.

வண்டியின் எடை முழுவதும் இந்த இரண்டு இடங்களில்தான் நிற்கிறது. ஓட்டுபவர், பின்னால் மனைவி, நடுவில் பிள்ளை, பக்கத்தில் காய்கறிப் பை எல்லாவற்றையும் இந்த இரண்டு உள்ளங்கைகள்தான் தாங்குகின்றன.

தார்ச் சாலையைக் கையால் தடவினால் சொரசொரப்பாக இருக்கும். டயரின் ரப்பர் அந்தச் சின்னச் சின்ன மேடு பள்ளங்களுக்குள் அழுந்திப் பிடித்துக்கொள்கிறது. இதற்குப் பிடிப்பு என்று பெயர். மழை பெய்தால் அந்தப் பள்ளங்களில் தண்ணீர் நிரம்பிவிடும். ரப்பருக்கும் தாருக்கும் நடுவில் தண்ணீர் நிற்கும். பிடிப்பு குறையும்.

பல நாள் வெயிலுக்குப் பிறகு பெய்யும் முதல் மழை மிகவும் மோசமானது. சாலையில் லாரிகள் சிந்திய எண்ணெய் கிடக்கும். தூசி கிடக்கும். டயர்களிலிருந்து தேய்ந்த ரப்பர்த் தூளும் கிடக்கும். தூறல் விழுந்ததும் இவை எல்லாம் குழைந்து சோப்பு போல ஆகிவிடும். நன்றாக அடித்துப் பெய்தால் அது கழுவிக்கொண்டு போய்விடும். அதனால் அவசர வேலை இல்லாதவர்கள் முதல் தூறலில் ஒரு டீக்கடையில் ஒதுங்கி நிற்பது நல்லது. சட்டை நனையாது என்பதைவிடப் பெரிய லாபம் அதில் இருக்கிறது.

கூலிப் பணம் போன்றது பிடிப்பு

ஒருவருக்கு நாள் கூலி 100 ரூபாய் என்று வைத்துக்கொள்ளலாம். அரிசிக்கு 60 ரூபாய் செலவு செய்தால் மற்றச் செலவுக்கு 40 ரூபாய் மிஞ்சும். அரிசிக்கே 100 ரூபாயும் போய்விட்டால் மருந்துக்குக் காசு இருக்காது.

டயரின் பிடிப்பும் இப்படித்தான். பிரேக் பிடிப்பது ஒரு செலவு. வளைவில் திரும்புவது ஒரு செலவு. ஆக்ஸிலேட்டரை முறுக்கி வேகம் எடுப்பதும் ஒரு செலவு. எல்லாச் செலவும் ஒரே பையிலிருந்துதான். காய்ந்த சாலையில் 100 ரூபாய் இருந்தால், நனைந்த சாலையில் 60 அல்லது 70 ரூபாய்தான் இருக்கும். எண்ணெய் கலந்த ஈரத்தில் இன்னும் குறையும்.

ஈரத்தில் எங்கே விழுகிறார்கள்? பெரும்பாலும் வளைவில் திரும்பிக்கொண்டே பிரேக் பிடிக்கும்போது விழுகிறார்கள். இரண்டு செலவு ஒரே நேரத்தில் வந்துவிடுகிறது. பையில் பணம் இல்லை.

பந்தய ஓட்டுநர் இதை நன்றாக அறிந்தவர். வளைவு வருவதற்கு முன்பே, வண்டி நேராகப் போகும்போதே வேகத்தைக் குறைத்துவிடுவார். பிறகுதான் திருப்புவார். வளைவு முடிந்து வண்டி நிமிர்ந்த பிறகுதான் ஆக்ஸிலேட்டரை முறுக்குவார். காய்ந்த பாதையில் அவர்கள் முழங்கால் தரையில் உரச வண்டியைச் சாய்ப்பதைப் படங்களில் பார்த்திருக்கலாம். மழையில் அவ்வளவு சாய்க்க மாட்டார்கள். தங்கள் உடம்பை மட்டும் உள்பக்கம் சாய்த்து, வண்டியை முடிந்த அளவு நிமிர்த்தியே வைத்திருப்பார்கள்.

இன்னொன்றும் இருக்கிறது. ஈரத்தில் எதையும் வெடுக்கென்று செய்யக் கூடாது. வெடுக்கென்று பிரேக், வெடுக்கென்று திருப்பல், வெடுக்கென்று முறுக்கல் மூன்றும் ஆபத்து. மெதுவாகச் செய்தால் அதே ஈரச் சாலை அதே வண்டியைத் தாங்கும்.

மொட்டை டயரும் மழை டயரும்

பந்தயத்தைப் பார்ப்பவர்களுக்கு ஒரு சந்தேகம் வரும். காய்ந்த பாதையில் பந்தய வண்டிகளுக்கு மொட்டை டயர்தான் போடுகிறார்கள். அதில் பட்டனும் இல்லை, பள்ளமும் இல்லை. பிறகு தேய்ந்த டயரை மாற்றச் சொல்வது ஏன்?

காய்ந்த தரையில் ரப்பர் எவ்வளவு அதிகமாகத் தொடுகிறதோ அவ்வளவு பிடிப்பு. பள்ளம் இருந்தால் அந்த இடத்தில் ரப்பர் தொடாது. அதனால்தான் பந்தயக்காரர்கள் மொட்டை டயர் போடுகிறார்கள். தரையில் தண்ணீர் இருந்தால் கதை மாறிவிடும். தண்ணீர் வெளியேற வழி வேண்டும். டயரில் உள்ள பள்ளங்கள்தான் அதற்கு வாய்க்கால். வாய்க்கால் இல்லாவிட்டால் டயர் தண்ணீரின் மேல் மிதக்கும். மிதக்கும் டயருக்குப் பிரேக்கும் தெரியாது, திருப்பமும் தெரியாது.

மழை வந்தால் பந்தயக்காரர்கள் வேறு டயருக்கு மாறுவார்கள். மழை டயரில் ஆழமான பள்ளங்கள் நிறைய இருக்கும். ரப்பரும் மிருதுவாக இருக்கும். பந்தயத்தின் நடுவில் மழை வந்தால், மழை டயர் மாட்டித் தயாராக நிற்கும் இன்னொரு வண்டிக்குத் தாவிவிடுவார்கள்.

2022 மார்ச்சில் இந்தோனேசியாவின் மண்டலிகா என்ற இடத்தில் உலகப் பந்தயம் நடக்க இருந்தது. இடியும் மின்னலுமாகப் பெரிய மழை. பந்தயம் ஒரு மணி நேரத்துக்கு மேல் தள்ளிப்போனது. மழையை நிறுத்தும் சடங்கு செய்ய ஒரு பெண்ணை அழைத்திருந்தார்கள். அவர் கையில் கிண்ணத்துடன் பாதை ஓரத்தில் நடந்தார். உலகமே அதைத் தொலைக்காட்சியில் பார்த்தது. ஓட்டுநர்கள் என்னவோ மழை டயரை மாட்டிக்கொண்டுதான் புறப்பட்டார்கள். ஈரப் பாதையில் நடந்த அந்தப் பந்தயத்தில் போர்ச்சுகல் நாட்டு மிகேல் ஒலிவேரா வென்றார்.

சாதாரண வண்டிக்கு மழை டயர் தனியாகக் கிடையாது. இருக்கும் டயரே வெயிலுக்கும் மழைக்கும். அதனால் அதில் பள்ளம் இருந்தே ஆக வேண்டும். டயரின் ஓரத்தில் சிறிய முக்கோணக் குறி அல்லது டி, டபிள்யூ, ஐ என்ற மூன்று ஆங்கில எழுத்துகள் இருக்கும். அந்தக் குறிக்கு நேரே பள்ளத்தின் அடியில் ஒரு சின்ன ரப்பர் மேடு இருக்கும். டயர் தேய்ந்து அந்த மேட்டுக்குச் சமமாகிவிட்டால், அதை மாற்றும் நேரம் வந்துவிட்டது. மழைக்காலம் தொடங்கும் முன் ஒரு நாள் குனிந்து இதைப் பார்க்க இரண்டு நிமிடம் போதும்.

முன் பிரேக்குக்கு ஏன் பயம்?

பலர் பின் பிரேக்கை மட்டும் மிதித்துப் பழகியவர்கள். முன் பிரேக் பிடித்தால் தலைகுப்புற விழ நேரும் என்று பயம். இந்தப் பயத்தில் பாதி உண்மை இருக்கிறது. மீதிப் பாதிதான் ஆபத்து.

பேருந்தில் நின்றுகொண்டு போகும்போது ஓட்டுநர் பிரேக் போட்டால் எல்லோரும் முன்னால் சாய்கிறார்கள். மோட்டார் சைக்கிளிலும் அப்படித்தான். பிரேக் பிடித்ததும் எடை முன் சக்கரத்துக்குப் போகிறது. முன் டயர் தரையில் நன்றாக அழுந்துகிறது. பின் டயர் லேசாகிவிடுகிறது. லேசான சக்கரத்தில் முழுப் பலத்தையும் போட்டு மிதித்தால் அது சுழலாமல் நின்றுவிடும். வண்டியின் பின்பக்கம் பாம்பு போல் நெளியும்.

ஆகவே இரண்டு பிரேக்கும் சேர்த்துப் பிடிக்க வேண்டும். முன் பிரேக்கை எலுமிச்சம்பழம் பிழிவது போல் மெதுவாக அழுத்தத் தொடங்கி, எடை முன்னால் வந்த பிறகு அழுத்தத்தைக் கூட்ட வேண்டும். வண்டி நேராக இருக்கும்போது மட்டும் இப்படிச் செய்ய வேண்டும். ஹேண்டில்பார் திரும்பியிருக்கும்போது ஈரத்தில் முன் பிரேக்கை இறுக்கினால் அந்தப் பயம் உண்மையாகிவிடும்.

2019 ஏப்ரலிலிருந்து விற்கப்படும் புதிய வண்டிகளில் இதற்கு ஓர் உதவி இருக்கிறது. 125 சி.சி.க்கு மேற்பட்ட வண்டிகளில் ஏ.பி.எஸ். என்ற கருவி உண்டு. சக்கரம் சுழலாமல் நிற்கப் போகிறது என்று தெரிந்தால் அது பிரேக்கை நொடிக்குள் பல முறை விட்டு விட்டுப் பிடிக்கும். சிறிய வண்டிகளில் ஒரு பிரேக்கைப் பிடித்தால் இரண்டும் சேர்ந்து பிடிக்கும் ஏற்பாடு இருக்கிறது. ஆனால் பையில் இல்லாத பணத்தை எந்தக் கருவியும் கொண்டுவந்து தராது.

60 கிலோமீட்டர் வேகத்தில் போகும் வண்டியை நனைந்த சாலையில் நிறுத்த ஏறத்தாழ 48 மீட்டர் வேண்டும். அதாவது நான்கு பேருந்துகளை வரிசையாக நிறுத்திய நீளம். அதில் 17 மீட்டர், ஆபத்தைப் பார்த்துப் பிரேக்கில் கை வைப்பதற்குள்ளேயே போய்விடும். 30 கிலோமீட்டர் வேகத்தில் 16 மீட்டர் போதும். வேகம் பாதியானால் நிற்கும் தூரம் மூன்றில் ஒரு பங்காகிறது.

இரண்டு வகை விழுதல்

பந்தயப் பாதையில் விழுவதை இரண்டு வகையாகச் சொல்லலாம். ஒன்று, முன் சக்கரம் வழுக்கி, வண்டி சாய்ந்த பக்கமே படுத்துவிடுவது. ஓட்டுபவர் வண்டிக்குப் பின்னால் தரையில் சறுக்கிக்கொண்டு போவார். தோல் உடை அணிந்திருந்தால் பெரும்பாலும் எழுந்து தூசியைத் தட்டிக்கொள்வார்.

மற்றொன்று கொடியது. வளைவில் ஆக்ஸிலேட்டரை அதிகமாக முறுக்கியதால் பின் சக்கரம் வழுக்கும். ஓட்டுபவர் பயந்து ஆக்ஸிலேட்டரைச் சட்டென்று விட்டுவிடுவார். வழுக்கிய சக்கரம் திடீரென்று தரையைப் பிடிக்கும். அந்த உதறலில் குதிரை தூக்கி எறிவது போல அவர் மேலே தூக்கி எறியப்படுவார்.

எந்த வகையில் விழுந்தாலும் பந்தயக்காரர்கள் ஒன்று செய்கிறார்கள். வண்டியைப் பிடித்த பிடியை விட்டுவிடுகிறார்கள். வண்டியைக் காப்பாற்ற நினைத்தால் அதனுடன் சேர்ந்து உருள வேண்டியதுதான். கையை நீட்டி ஊன்றுவதில்லை. ஊன்றினால் மணிக்கட்டும் தோள்பட்டை எலும்பும் முறியும். முழுவதும் நிற்கும் வரை எழுவதில்லை. நின்றுவிட்டதாக நினைத்து, சறுக்கிக்கொண்டிருக்கும்போதே எழுந்து மறுபடியும் உருண்டவர்கள் உண்டு.

விழுந்த இடத்தைத் தேடுவது

ஒருவர் மழையில் விழுந்துவிட்டார். வீட்டில் என்ன சொல்வார்? “நேரம் சரியில்லை” என்பார். “யார் முகத்தில் விழித்தேனோ” என்பார். “ரோடு சரியில்லை” என்பார். ரோடு உண்மையிலேயே சரியில்லாமல் இருக்கலாம். ஆனால் அதே ரோட்டில் அன்று பலர் விழாமல் போயிருக்கிறார்கள்.

பந்தயக்காரர் விழுந்ததும் வண்டியைத் தள்ளிக்கொண்டு வருவார்கள். அந்த வண்டியில் ஒரு சிறிய பெட்டி இருக்கும். எந்த இடத்தில் எவ்வளவு வேகம், எவ்வளவு பிரேக், எவ்வளவு சாய்வு, எவ்வளவு முறுக்கு என்பதெல்லாம் அதில் பதிவாகியிருக்கும். விழாத சுற்றையும் விழுந்த சுற்றையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்ப்பார்கள். சில மீட்டர் தாமதமாகப் பிரேக் பிடித்தது தெரியும். அல்லது வழக்கத்தைவிட ஒரு சாண் உள்ளே போய் வெள்ளைக் கோட்டின் மேல் சக்கரம் ஏறியது தெரியும். பெயிண்ட் அடித்த இடம் ஈரத்தில் தாரைவிட அதிகமாக வழுக்கும்.

மார்க்கெஸ் 27 முறை விழுந்தவற்றில் பெரும்பாலானவை பயிற்சியில் விழுந்தவை. எந்த இடம் வரை டயர் தாங்கும், எங்கே கைவிடும் என்று அவர் பயிற்சியில் தேடினார். பந்தய நேரத்தில் அந்த எல்லைக்கு ஒரு விரல் முன்னால் நின்றுகொண்டார். விழுந்ததற்குக் காரணம் கண்டுபிடித்ததால்தான் விழுந்தது பயன்பட்டது.

ஊர்ச் சாலை பந்தயப் பாதை அல்ல

ஆனால் அவர் விழும் இடம் எப்படிப்பட்டது? பாதை ஓரத்தில் அகலமான ஜல்லிப் பரப்பு இருக்கும். அது சறுக்கி வருபவரின் வேகத்தைக் குறைக்கும். அதற்கு அப்பால் காற்று நிரப்பிய மெத்தை இருக்கும். எதிரே வண்டி வராது. நாய் குறுக்கே ஓடாது. டாக்டர் தயாராக இருப்பார். உடைக்குள் காற்றுப் பை இருக்கும். விழுந்த கணத்தில் அது உப்பித் தோளையும் மார்பையும் காக்கும். 2018 முதல் இந்த உலகப் பந்தயத்தில் அது கட்டாயம்.

ஊர்ச் சாலையில் இவை எதுவும் இல்லை. ஓரத்தில் மின்கம்பமும் மைல் கல்லும் இருக்கின்றன. பின்னால் லாரி வருகிறது. 2022ஆம் ஆண்டில் இந்தியாவில் சாலை விபத்துகளில் 1,68,491 பேர் இறந்தார்கள். அவர்களில் நூற்றுக்கு 44 பேருக்கு மேல் இரண்டு சக்கர வண்டியில் போனவர்கள். ஹெல்மெட் அணியாமல் இறந்தவர்கள் மட்டும் 50,029 பேர். இதில் ஓட்டியவர்களும் உண்டு, பின்னால் உட்கார்ந்திருந்தவர்களும் உண்டு.

எனவே சாலையில் விழுந்து கற்றுக்கொள்ளலாம் என்று யாரும் நினைக்க முடியாது. பந்தயக்காரர் விழுந்து கண்டுபிடித்ததை விழாமலே எடுத்துக்கொள்ளலாம். அவருக்கு வெள்ளைக் கோடு என்றால், ஊர்ச் சாலையில் சாக்கடை இரும்பு மூடி. பாலத்தின் இரும்புப் பட்டை. டிராக்டர் சக்கரம் கொண்டுவந்து போட்ட வயல் சேறு. மும்பையில் சிமெண்டுக் கட்டை பதித்த இடங்கள். இவற்றின் மேல் போகும்போது பிரேக்கும் கூடாது, திருப்பலும் கூடாது. ரயில்வே கேட்டில் தண்டவாளத்தைச் சாய்வாகக் கடந்தால் சக்கரம் வழுக்கும். நேர்க் குறுக்காகக் கடக்க வேண்டும். தண்ணீர் தேங்கிய இடத்தில் பள்ளம் எவ்வளவு ஆழம் என்று யாருக்கும் தெரியாது. முன்னால் போகும் பேருந்தின் சக்கரம் போன தடத்தில், நல்ல இடைவெளி விட்டுப் போவது மேல்.

பின்னால் உட்கார்ந்து குடை பிடிப்பது பல இடங்களில் நடக்கிறது. வண்டி போகும் வேகத்தில் காற்று குடையைப் பின்னால் இழுக்கும். குடை பிடித்தவரையும் சேர்த்து இழுக்கும். மழைக்கோட்டு வாங்க முடியாவிட்டால் நனைந்துகொண்டே போவது எவ்வளவோ மேல்.

காலி மைதானத்தில்

ஈரத்தில் பிரேக் பிடிக்கப் பழக ஆசை உள்ளவர்களுக்கு ஒரு வழி இருக்கிறது. மழை விட்ட பிறகு ஆள் இல்லாத மைதானம் போதும். ஹெல்மெட், முழுக்கை சட்டை, ஷூ அணிந்திருக்க வேண்டும். ஓட்டத் தெரிந்த ஒருவர் பக்கத்தில் இருந்தால் நல்லது. சைக்கிள் போகும் வேகத்தில் நேராகப் போய், பின் பிரேக்கை மட்டும் மிதித்துப் பார்க்கலாம். பின் சக்கரம் சறுக்குவது உடம்புக்குத் தெரியும். பிறகு இரண்டு பிரேக்கையும் மெதுவாகச் சேர்த்துப் பிடித்து, எவ்வளவு தூரத்தில் நிற்கிறது என்று காலடியால் அளக்கலாம். பத்து முறை செய்தால் கை பழகிவிடும்.

விழுந்த பிறகு

2020 ஜூலை 19 அன்று ஸ்பெயினில் ஹெரெஸ் பந்தயத்தில் மார்க்கெஸ் தூக்கி எறியப்பட்டார். வலது மேல்கை எலும்பு முறிந்தது. இரண்டு நாளில் அறுவை செய்து தகடு வைத்தார்கள். நான்காவது நாள் அவர் மீண்டும் வண்டியில் ஏறிவிட்டார். அடுத்த சில நாட்களில் தகடு உடைந்தது. மொத்தம் நான்கு அறுவைகள் நடந்தன. அடுத்த உலகப் பட்டத்துக்கு 2025 செப்டம்பர் வரை காத்திருக்க வேண்டியிருந்தது. அவசரப்பட்டது தவறு என்று பின்னாளில் அவரே சொன்னார்.

2025இல் பட்டம் வென்ற அடுத்த வாரமே, மண்டலிகாவில் வேறொரு வண்டி மோதி அவர் விழுந்தார். தோளில் காயம். இந்த முறை அந்த ஆண்டின் மீதிப் பந்தயங்கள் எதிலும் அவர் ஓட்டவில்லை.

கூலி வேலைக்குப் போகிறவர் இவ்வளவு நாள் வீட்டில் இருக்க முடியாது. ஆனால் தலையில் அடிபட்டவருக்கு வாந்தி, மயக்கம், பார்வை இரண்டாகத் தெரிவது ஆகியவை இருந்தால் அன்றே ஆஸ்பத்திரிக்குப் போக வேண்டும். வண்டியை அவர் ஓட்டக் கூடாது. மறுபடி ஓட்டும் முன் ஹேண்டில்பார் வளைந்திருக்கிறதா, பிரேக் லீவர் சரியாக இருக்கிறதா, சக்கரம் கோணாமல் சுற்றுகிறதா என்று மெக்கானிக்கிடம் காட்ட வேண்டும். பலமாக அடிபட்ட ஹெல்மெட் வெளியே நன்றாகத் தெரிந்தாலும் உள்ளே நசுங்கியிருக்கும். அதைத் தூக்கிப் போட்டுவிட்டு ஐ.எஸ்.ஐ. முத்திரை உள்ள புதியதை வாங்க வேண்டும்.